சேர் முதுகில் எழுதின நம்பர்

செப்டம்பர் 14, 2025 – ஞாயிறு

தமிழ்மணி மாமா இன்றைக்கும் வந்துவிட்டார். நானும் அம்மாவும் மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போதே வாசல்படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். இன்னும் சாப்பிடவே இல்லை, அதற்குள் பல் குத்தல்.

"இன்னாக்கா, இன்னைக்கு மீனா கறியா?" என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. என் தம்பி அன்புச்செல்வனுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி, பாஸ்போர்ட்டிலிருந்து விமான டிக்கெட் வரை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்த மகராசன். ஜூலை மூன்றாம் தேதி அன்புவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, பேங்காக்ல எறக்கி வேன்ல ஏத்தினாங்க. இப்ப ஆத்தத் தாண்டச் சொல்றாங்க. துப்பாக்கி வெச்சிருக்கானுங்க. இது நமக்குச் சொன்ன எடம் இல்லக்கா—" அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவே இல்லை. மியான்மர் எல்லையில் இப்படிக் கடத்திக்கொண்டுபோன பிள்ளைகளை அடைத்துவைத்து, போனில் ஊராரை ஏமாற்றச் சொல்கிறார்களாம். மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக்.

மாமா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "பேசிக்கினுதான் இருக்கேன்கா. நல்லாதான் வெச்சிருக்காங்களாம். ஜல்தியா அனுப்பிடுவாங்க." இரண்டு மாதமாக இதே வசனம், இதே ஏப்பம். அம்மா ஏன் போடுகிறாள் என்று தெரியும். அந்தக் கம்பெனிக்காரனைத் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான், இவரைப் பகைத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அவர் எச்சில் தட்டைக் கழுவியது நான். இரண்டு தடவை சோப்பு போட்டேன்.

செப்டம்பர் 22

அன்புவை மீட்கச் சொல்லி மூன்றாவது மனு. யாரிடம் என்று எழுதக்கூட வெறுப்பாக இருக்கிறது. "அவரா விரும்பித்தானேம்மா போனாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் டீ சொல்லப் போய்விட்டான்.

அக்டோபர் 7

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்குக் காணையிலிருந்து முருகையன் என்று ஒரு பெரியவர் வந்தார். ஆன்லைனில் சைபர் புகார் போட வேண்டுமாம். பெண் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததை ஒரே போனில் உருவிவிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்.

"கூரியர்ல இருந்து பேசறேன்னான்மா. உங்க பேர்ல பார்சல் மாட்டிக்கினு இருக்குது, உள்ள கஞ்சா இருக்குது, போலீஸ் கேசாயிடும்னான். லைன்லயே இருங்க சார், கட் பண்ணாதீங்க, கட் பண்ணாதீங்கன்னு மூணு மணி நேரம். ஒண்ணுக்குப் போவக்கூட வுடல."

"பேச்சு எப்படிங்கய்யா இருந்துச்சு?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நல்ல தமிழ்மா. நம்ம பக்கத்துப் பையன் மாரியே பேசனான். அதான் நம்பிட்டேன். அவனப் பெத்தவ வயித்துல நெருப்பக் கொட்ட!"

அந்தச் சாபத்தை மட்டும் டைப் அடிக்கவில்லை. பெற்றவள் அந்த நேரத்தில் கோலியனூரில் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருப்பாள்.

அன்புவாக இருக்காது. அங்கே தமிழ் பேசுகிறவன் அவன் ஒருத்தனா? ஆனாலும் தினமும் ஜெபத்தில் என்ன கேட்கிறேன்? என் தம்பி உயிரோடு இருக்கட்டும் என்று. உயிரோடு இருந்தால் இதைத்தானே செய்துகொண்டிருப்பான்? முருகையன் மாதிரி ஒரு மனுஷனை மூன்று மணி நேரம் ஒண்ணுக்குப் போக விடாமல். ச்சீ. என்ன வேண்டுதல் இது.

கிளம்பும்போது பெரியவர் சிம்மை உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். "பழைய நம்பரை மட்டும் விட்டுடாதீங்கய்யா, அப்புறம் எங்க போனாலும் ஓடிபி வராது" என்றேன். ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிற வாக்கியம். வாய் தானாகச் சொல்லிற்று.

அக்டோபர் 8

அம்மாவிடம் முருகையனைப் பற்றிச் சொல்லவில்லை. கீரை இறங்கவில்லை.

நவம்பர் 2 – கல்லறைத் திருநாள்

அப்பா கல்லறைக்கு நேற்றே சுண்ணாம்பு அடித்துவிட்டோம். இன்று பூவும் மெழுகுவத்தியும். அப்பா போய் வருகிற ஜனவரிக்கு இரண்டு வருஷம். ஊரே கல்லறைத் தோட்டத்தில் நின்றது. அப்பாவின் தங்கை ஜெசிந்தா அத்தை மெழுகுவத்திக் கட்டைப் பிரித்து அப்பாவுக்கு இரண்டு வத்தி ஏற்றினார், தாத்தாவுக்கு இரண்டு. அப்புறம் ஓரமாக ஈர மண்ணில் தனியாக ஒன்றைக் குத்தி அதையும் பற்றவைத்தார்.

"இது யாருக்கு அத்த?"

"நம்ம அன்புக்குத்தான்டி. எங்க கெடக்கானோ... இருந்தா சந்தோசம். இல்லன்னா ஆத்துமாவுக்கு ஒரு வெளிச்சம் வேணுமில்ல?"

அம்மா குனிந்து அந்தச் சுடரை வெறும் விரலால் நசுக்கி அணைத்தாள். வத்தியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலாவது அத்தையின் மேல் கோபம் இருக்க வேண்டுமே! இல்லை. "பாவம் குப்பம்மா, மனசு ஒத்துக்க மாட்டேங்குது" என்று அம்மாவுக்குத்தான் பரிதாபம். உயிரோடு இருக்கிறவனுக்கு வத்தி ஏற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டிருப்பார்கள். தூ.

நவம்பர் 18

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சீனுவாசன் என்று ஒரு கட்சிக்காரர், ஒன்றியத்தில் ஏதோ பொறுப்பு. அன்புவை மீட்கச் சொல்லி விழுப்புரத்தில் ஆர்ப்பாட்டம் வைத்தார். பிளெக்ஸில் அவர் முகம் அண்டா அளவுக்கு. அன்பு முகம் மூலையில் தபால்தலை அளவுக்கு. வீடியோ எடுக்கிற பையன் அம்மாவிடம் வந்து, "அம்மா, இப்ப அழுதீங்கல்ல, அத இன்னொரு வாட்டி அழுங்க, ஆடியோ சரியா வர்ல" என்றான். அம்மா அவன் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீனுவாசன் நடுவில் புகுந்து, "அழுங்கக்கா, மேலிடத்துல பாப்பாங்க" என்கிறார். எழுந்து அறையலாம் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். எனக்கும் மேலிடம் பார்க்க வேண்டுமே. அதுதான் கேவலம்.

முகத்தைத் திருப்பினேன். முன் வரிசைச் சேரின் முதுகில் மங்கலாகப் பச்சைப் பெயிண்ட். 'விருத்தாசலம் பந்தல், கோலியனூர்.' கீழே நம்பர்.

அப்பா விருத்தாசலத்தின் சேர். ஷாமியானா, சேர், பாத்திரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் அப்பா. அவர் போனதும் மொத்தத்தையும் விழுப்புரத்துப் பந்தல்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டோம். சேர் களவு போகாமலிருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் பெயரும் செல் நம்பரும் இருக்கும். அதை எழுதியது அன்புதான். எட்டாவது முடித்த கோடை லீவில், பழைய எக்ஸ்ரே பிலிமில் எழுத்துகளை வெட்டிவைத்து, பெயிண்டைத் தடவித் தடவி முந்நூறு சேர். தூக்கத்தில்கூட அந்த நம்பரை உளறுவான்.

அப்போதுதான் உறைத்தது. அவன் போனைப் பிடுங்கிவிட்டார்கள். என் நம்பர் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? தெரியாது. அவன் நம்பர் எனக்குத் தெரியுமா? இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் தெரியும்? அவன் மண்டையில் இருக்கிற ஒரே நம்பர் இதுதான். எங்காவது ஒரு போன் கையில் கிடைத்தால் இதைத்தான் அழுத்துவான்.

அதை நான் விட்டுத் தொலைத்தேன்.

அப்பா போனபோது அன்பு சொன்னான்: "அந்த நம்பர வுட்டுறாதக்கா. அம்மாகிட்ட இருக்கட்டும்." சரி என்றேன். பேங்க், ரேஷன், ஆதார் எல்லாவற்றிலும் என் நம்பரை ஏற்றிவிட்டு, செத்தவர் நம்பருக்கு எதற்கு ரீசார்ஜ் என்று சும்மா இருந்துவிட்டேன். நம்பர் போய்விட்டது. அவனிடம் சொல்லவும் இல்லை. சொல்லும்படியான விஷயமாகவே தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் "பழைய நம்பரை விட்டுடாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற கழுதை நான். மாமாவை, அத்தையை, சீனுவாசனை எல்லாரையும் காறித் துப்பி எழுதியிருக்கிறேன் இந்த நோட்டில். இந்தப் பக்கத்தில் யாரைத் துப்புவது?

நவம்பர் 19

அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பொம்பளை எடுத்தாள். என் தம்பியைக் கடத்திவிட்டார்கள் என்று ஆரம்பித்ததுமே, "ஓ, இப்ப இப்படிக் கெளம்பிட்டீங்களா? வேற ஆளப் பாரு" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். பிளாக் பண்ணிவிட்டாள். யார் நம்பர் என்று காட்டுகிற ஆப்பில் பெயர் மட்டும் வந்தது: 'பாஞ்சாலி திண்டிவனம் கமிட்டி'.

நவம்பர் 21

லீவு போட்டுத் திண்டிவனம் போனேன். கமிட்டி என்றால் வேர்க்கடலை ஏலம் போடுகிற இடம். பாஞ்சாலி யார் என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, உடம்பெல்லாம் தூசி, முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தார்.

"நீதானா அது? போன்ல முடியலன்னு நேர்லயே வந்துட்டியா?"

ஆர்ப்பாட்டத்தில் எடுத்த சேர் போட்டோவை நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏய், இது என் நம்பராச்சே! என் நம்பர எவன் சேர்ல எழுதனான்?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அதான் பேஜாரா? இந்த சிம்மு வாங்கினதுலருந்து சேர் இருக்குதா, பந்தல் இருக்குதா, விருத்தாசலம் இருக்காரான்னு உயிர எடுக்கறானுங்க. சொல்லிச் சொல்லிப் பாத்தேன். கேக்கல. அந்தாளு செத்துட்டாருன்னு சொன்னாத்தான் வுடறானுங்க."

"அது நெசம்தான்க்கா. எங்கப்பா. வெளிநாட்டு நம்பர்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"வருமே. வாரம் ஒருக்கா, கூரியர்காரன். அது ஃப்ராடு பசங்கதான? பார்சல் வந்திருக்குது மேடம், பேர் குப்பம்மாள், ஊர் கோலியனூர், பொண்ணு பேர் அமலா, சரிதானா, சரிதானான்னு கேப்பான். நான் குப்பம்மா இல்லடா நாயேன்னு நாலு வாட்டி நாற நாறக் குடுத்தேன். மறுவாரம் மறுபடி வருவான்."

அமலா நான்தான். அப்படியென்றால் அந்தக் கூரியர்காரன் அன்பு. அவன் பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் அவர்கள் கொடுத்த வசனத்தையே படித்து, நடுவில் எங்கள் பெயர்களைச் செருகியிருக்கிறான். நாங்கள்தான் அந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நம்பி.

"கடைசியா எப்பக்கா வந்துச்சு?"

"தீவாளி கழிஞ்சு ஒரு பத்து நாள். அன்னைக்கு எனக்கு ஜொரம்..." நிறுத்தினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "குப்பம்மா செத்துட்டாடா, போன வைடான்னுட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. வெக்கவும் இல்ல. ரொம்ப நேரம் லைன்லயே இருந்தான். நான்தான் வெச்சேன். அதுக்கப்புறம் வர்ல தாயே."

இந்தப் பொம்பளையை வெறுக்கப் பார்த்தேன். நாலு மாதமாக எல்லோரையும் வெறுத்துப் பழகிய மனசு, இதற்கு மட்டும் மாட்டேன் என்றது. அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். போனைத் திறந்து, நகத்தால் சிம்மை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "எடுத்துக்கினு போ. ஜல்தி போ."

"உங்க பேங்க், நூறு நாள் வேலை எல்லாம் இதுலதானக்கா இருக்கும்?"

"இருக்குது. அதுக்கு இன்னா பண்றது?"

"அதத்தான்க்கா நான் வேலையா பண்றேன்" என்றேன்.

நவம்பர் 24

பாஞ்சாலி அக்கா புது சிம்மோடு விழுப்புரம் வந்தார். ஆதார், ரேஷன், பேங்க், வேலை அட்டை, கேஸ் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். இந்த வேலையைச் செய்யும்போது மட்டும் யார் மேலும் எரிச்சல் வரவில்லை.

அப்பாவின் பழைய பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன், நம்பரை விட்டது நான்தான் என்பது உள்பட. அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கானா?" என்று மட்டும் கேட்டாள். ஜாக்கெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டாள்.

நவம்பர் 30

அம்மா எந்த போன் வந்தாலும் எடுக்கிறாள். எடுத்ததும், "நான் குப்பம்மா. உயிரோடதான் இருக்கேன்" என்கிறாள். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடமும் அதுதான், சேர் கேட்கிறவனிடமும் அதுதான். நேற்று நிஜமாகவே ஒரு ஃப்ராடு பேசினான். "சாப்டியாப்பா? அங்க அன்புன்னு ஒரு பையன் இருக்கானா?" என்று இவள் கேட்க, அவனே பயந்து வைத்துவிட்டான்.

டிசம்பர் 7 – ஞாயிறு

மாமா வந்தார். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா குழம்புச் சட்டியைத் தட்டுப் போட்டு மூடினாள்.

"சோறு இல்லடா."

"வாசனை வர்தேக்கா?"

"வரும். உனக்கு இல்ல. எழுந்து போ."

போகும்போது, "கம்பெனிக்காரன் காதுக்குப் போச்சுன்னா பையனுக்குத்தான் கஷ்டம்" என்றார். அம்மா ஜாக்கெட்டுக்குள் இருந்த போனை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அவர் உட்கார்ந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தாள்.

டிசம்பர் 16

மழை. மையத்தில் கரண்ட் இல்லை, மதியமே வந்துவிட்டேன். மூன்று மணிக்கு போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அம்மாவின் கையில் இருந்து வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் மேடம், கூரியர்ல இருந்து பேசறோம்."

அன்பு.

தொண்டை கட்டின குரல். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் வேறு வேறு பாஷையில் பேசுகிற சத்தம். அம்மா வாயைத் திறந்தாள். நான் பொத்தினேன். பக்கத்தில் ஆள் நிற்பான் என்று நூறு தடவை சொல்லிவைத்திருந்தேன். அம்மா தலையை ஆட்டி என் கையை விலக்கினாள்.

"சொல்லுங்க சார். நான் குப்பம்மா பேசறேன். கோலியனூர் குப்பம்மா. உயிரோடதான் இருக்கேன் சார்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"ச... சரிங்க மேடம். உங்க பேர்ல பார்சல் ஒண்ணு மாட்டிக்கினு இருக்குது. அனுப்புன அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

காலண்டர் தாளைக் கிழித்தேன். கட்டடத்தின் பேர், எண், மாடி, எதிரில் என்ன இருக்கிறது என்பது வரை நிதானமாகச் சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

"பார்சல்ல இன்னா சார் இருக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு சட்டை மேடம். பையன் சட்டை. அங்கங்க கிழிஞ்சிருக்குது. மத்தபடி நல்லாதான் இருக்குது."

"பரவால்ல சார். நான் தைச்சுக்குவேன்."

"லைன்லயே இருங்க மேடம்" என்றான் அன்பு. "கட் பண்ணாதீங்க. கட் பண்ணாதீங்க."

"பண்ண மாட்டேன் சார்" என்றாள் அம்மா. பதினொரு நிமிஷம் இருந்தாள். அந்தப் பக்கம்தான் கட்டானது.

டிசம்பர் 17

காலண்டர் தாளை ஸ்கேன் எடுத்துத் தூதரகத்துக்கு, டெல்லிக்கு, சென்னைக்கு, இதுவரை மனு வாங்கின அத்தனை பேருக்கும் மெயில். இப்போது அட்ரஸ் இருக்கிறது. இனிமேலாவது டீ சொல்லப் போகாமல் படிப்பார்களா?

ஜனவரி 25, 2026 – ஞாயிறு

அன்பு வந்து ஆறு நாள் ஆகிறது. அந்தக் கட்டடத்திலிருந்து பதினேழு பேரை மீட்டு அனுப்பினார்கள். ஏர்போர்ட்டில் சீனுவாசன் சால்வையோடு நின்றார், வீடியோக்காரப் பையனோடு. அன்பு சால்வையைத் தோளில் இருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தான்.

முதுகில் தழும்புகள். அம்மா தினமும் எண்ணெய் போடுகிறாள். போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். காணைப் பக்கம் முருகையன் என்று யாரிடமாவது பேசினாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இனியும் கேட்பேனா, தெரியவில்லை.

இன்று பாஞ்சாலி அக்கா வறுத்த மல்லாட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவன் எதிரில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவ்ளோ அசிங்கமா திட்டிட்டேன் ராசா. மனசுல வெச்சிக்காத."

அன்பு ஒரு மல்லாட்டையை உடைத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"திட்டினது நீங்க ஒருத்தவங்கதான்க்கா. மத்தவங்க எல்லாரும் என்ன நம்பி 'சரிங்க சார், சரிங்க சார்'னுதான் சொன்னாங்க."

அப்புறம் எழுந்து குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தான். ரொம்ப நேரம் கொப்பளித்தான்.